சிஸ்டர் கை தட்டும்வரை

ஜெனிட்டாவின் குரல் எப்போதுமே ஊர்க்குரலுக்கு ஓர் எட்டு பிந்தித்தான் வரும்.

பங்குத்தந்தை அகஸ்டின் பலிபீடத்தில் நின்று கைகளை விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்பார். "உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்று கோவில் மொத்தமும் ஒரே வாயாகச் சொல்லி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த ஜெபத்துக்குத் தயாராகும். அந்த இடைவெளியில், எல்லாம் பொரிந்து அடங்கிய சட்டியில் கடைசிக் கடுகு வெடிக்கிற மாதிரி, பெண்கள் பக்கத்துத் தூணடியிலிருந்து ஒற்றைக் குரல் கிளம்பும்: "உம் ஆன்மாவோடும் இருப்பாராக." ஃபாதர் அதற்காகக் காத்திருப்பார். பால்வாடிக்குப் போகிற அந்தப் பிள்ளை சொல்லி முடித்தால்தான் தன் வாழ்த்துக்கு முழுப் பதில் வந்து சேர்ந்ததாக அவருக்கு ஒரு கணக்கு.

ஜெனிட்டாவின் அம்மா தேவமணிக்கு இதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வாரம் முழுக்கச் சரம் பின்னுகிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமை அடைக்கல அன்னை கோவிலில் வந்து உட்கார்ந்தால், முதுகு வலி சாமிக்கு, மகள் குரல் தனக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டு நிம்மதியாக இருப்பாள்.

அந்த ஆண்டை 'வழிபாட்டில் சிறார் ஆண்டு' என்று மறைமாவட்டம் அறிவித்தது. வினை அங்கே தொடங்கியது.

அறிவிப்பு வந்த மறுவாரமே 'சிறார் வழிபாட்டுப் பங்கேற்பு ஊக்குவிப்புப் பணிக்குழு' அமைக்கப்பட்டது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை வளர்ந்து நற்கருணை வாங்கிவிடும். தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மாணிக்கராஜ். அவர் தெருவில் வந்தால் பழைய மாணவர்கள் இன்றைக்கும் பைக்கை அணைத்துவிட்டுச் சுவரோரம் நிற்பார்கள். பிள்ளைகளோடு அவருக்கு இருந்த நெருக்கத்துக்கு அதுவே சாட்சி. செயலாளர், கான்வென்டிலிருந்து சிஸ்டர் ஜாஸ்பின். உறுப்பினர்களாகக் காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் முதலாளிகள் சிலர். சின்னப் பிள்ளை வைத்திருக்கிற யாரும் குழுவில் இல்லை. அவர்களைச் சேர்த்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், கூட்டம் நடத்த முடியாது என்று காரணம் சொல்லப்பட்டது.

தொடக்க நாளன்று மாணிக்கராஜ் சார் மைக்கைப் பிடித்தார்.

"குழந்தைகள் திருச்சபையின் எதிர்காலம். இதை நாம் மறந்துவிடக் கூடாது. எதிர்காலம் என்றால் என்ன? இப்போது இல்லை என்று அர்த்தம். ஆகவே இப்போதைக்கு அவர்கள் அமைதியாக இருக்கப் பழக வேண்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். தேவமணியும் தட்டினாள். பெரிய மனுசர் பேசி முடித்தால் தட்டுவதுதானே.

அதன்பிறகு பங்கேற்பு மும்முரமாக நடந்தது. முதலில் பாட்டு. பிள்ளைகள் பாடினால் சுதி விலகுகிறது என்பதால், பெரியவர்கள் பாடிப் பதிந்த பாட்டை ஸ்பீக்கரில் போட்டார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று வாயை மட்டும் அசைத்தார்கள். வாய்விட்டுப் பாடிய ஒரு பையனைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். அடுத்தது மன்றாட்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை தன் மனதிலிருந்து மன்றாட வேண்டும் என்றார்கள். எது மனதில் இருக்க வேண்டும் என்பதை மாணிக்கராஜ் சார் எழுதிக் கொடுத்தார். "ஆண்டவரே, திருப்பலி நேரத்தில் எங்களைச் சரியாக அடக்கி வைக்காத எங்கள் பெற்றோருக்கு நல்ல புத்தியைத் தந்தருளும்" என்று ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்தது. பெற்றோர்கள், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். வேறு என்ன சொல்ல முடியும்?

பிறகு கதவு. பிள்ளைகள் பூசை நடுவில் வெளியே ஓடிவிடுகின்றன என்று கோவிலின் பக்கக் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டார்கள். இதுதான் தேவமணிக்கு முதுகுத்தண்டில் ஏறியது. கம்பெனியில், தீப்பிடித்தால் ஓடுவதற்காக அறைக்கு நாலு பக்கமும் கதவு. ஒன்றையும் சாத்தக் கூடாது, வாசலில் ஒரு கூடைகூட வைக்கக் கூடாது. அடைத்த அறையில் அவளுக்கு மூச்சு முட்டும். பூசை தொடங்கியதும் தலையில் முக்காட்டைச் சரிசெய்கிற பாவனையில் பக்கத்துக் கதவின் தாழை விலக்கிவிட்டு, கதவை ஒருச்சாய்த்து வைப்பாள். பூசை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து சிஸ்டர் ஜாஸ்பின் அவளைக் கூப்பிட்டார். பக்கத்தில் மாணிக்கராஜ் சார்.

"தேவமணி, உங்க பிள்ளைக்கு ஒரு பிரச்சன இருக்கு."

தேவமணி சட்டென்று பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சூடு இல்லையே சிஸ்டர்."

"குரல்."

"குரலுக்கு என்ன சிஸ்டர்? நல்லாத்தான பேசுது."

"அதான் பிரச்சன. எல்லாரும் சொல்லி முடிச்ச பிறகு தனியாச் சொல்லுது. சேந்து சொன்னா பங்கேற்பு. தனியாச் சொன்னா குறுக்கீடு. அடுத்த மாசம் ஆயர் வர்றாங்க. அவங்க முன்னால இப்படி ஆச்சுன்னா, பணிக்குழு என்ன செஞ்சதுன்னு கேக்க மாட்டாங்களா?"

"பிள்ளைக பங்கெடுக்கணும்னுதான் சொன்னீக சிஸ்டர்."

மாணிக்கராஜ் சார் கனிவோடு குறுக்கிட்டார். "அம்மா, என் சர்வீஸ்ல ஒரு பிள்ளகூட நான் கேக்காம வாயத் தொறந்தது கிடையாது. கேட்டப்பவும் தொறந்தது கிடையாது. அம்புட்டு ஒழுங்கு. அந்த நிலைக்கு இந்தப் பிள்ளையையும் கொண்டுவரணும்னு பாக்கோம்."

ஜெனிட்டாவுக்கு ஒரு பொறுப்புக் கொடுக்கப்பட்டது. அவள்தான் 'அமைதித் தேவதை'. தெர்மாகோல் சிறகு, வெள்ளைக் கவுன், தலையில் ஜிகினா வளையம். பலிபீடத்துக்கு இடப்பக்கம் ஒரு முக்காலியில், உதட்டில் விரல் வைத்தபடி பூசை முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அசையக் கூடாது. பேசக் கூடாது. எல்லாம் முடிந்ததும் சிஸ்டர் ஒரு தடவை கை தட்டுவார், அப்போதுதான் எழுந்திருக்கலாம்.

சிறகு கிடைத்த சந்தோசத்தில் ஜெனிட்டா தலையை ஆட்டினாள். அதுவே அவள் கடைசியாக ஆட்டியது என்று சொல்லலாம். தினமும் சாயங்காலம் கான்வென்டில் பயிற்சி. ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் அசையாத வித்தை அவளுக்கு வந்துவிட்டது. வீட்டில் சோறு வைத்து, "சாப்பிடு பிள்ள" என்றால் விரலை உதட்டில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அப்பா ஜாபஸ், லாரியில் பட்டாசு லோடு ஏற்றுகிற ஆள், ஒருநாள் விளையாட்டாகக் கை தட்டினார். ஜெனிட்டா தலைகுனிந்து மளமளவென்று சாப்பிட்டாள்.

"சுவிட்சு போட்ட மாதிரில்ல இருக்கு" என்று ஜாபஸ் சிரித்தார். தேவமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கம்பெனியில் சோற்று வேளையில், கூடப் பின்னுகிற மாரித்தாயிடம் சொன்னாள். மாரித்தாய் ஊறுகாயை நக்கிக்கொண்டே கேட்டாள்.

"எங்க கோயில்ல பிள்ளைக்குச் சாமி வந்தா ஆடும். உங்க கோயில்ல சாமி வந்தா அசையாதோ?"

"சாமி எங்க வந்துச்சு. சிஸ்டருதான் வந்திருக்காக."

"எதுக்கும் ஓடச் சொல்லிக் குடுத்திருக்கியா, மறந்துச்சா?"

"அதெல்லாம் பால்குடியிலயே சொல்லிக் குடுத்தாச்சு மதினி."

கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று போர்மேன் செந்தூர்பாண்டி எல்லோருக்கும் ஓதுகிற வேதம் அது. "சர்ர்ருனு சத்தம் கேட்டா, கையில இருக்கறத கீழ வை. ஓடு. ஒருத்தி ஓடுனா ஏன்னு கேக்காத, நீயும் ஓடு. திரும்பிப் பாக்காத. என்ன ஏதுன்னு வேப்பமரத்தடியில போயிப் பேசிக்கிடலாம்." இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் இதை ஞானஸ்நானத்துக்கு முன்பே பிள்ளை காதில் ஊதிவிடுவார்கள். காளியைக் கும்பிடுகிற வீட்டுக்கும் கர்த்தரைக் கும்பிடுகிற வீட்டுக்கும் பொதுவாக இருந்த வேதம் இது ஒன்றுதான்.

ஆயர் வருகிற நாள் வந்தது.

காணிக்கைப் பவனியில் 'ஒளியின் மக்கள்' என்று ஒரு காட்சியைப் பணிக்குழு யோசித்திருந்தது. பிள்ளைகள் வரிசையாக ஒளியேந்தி வர வேண்டும். சாதா மெழுகுவர்த்தி எடுப்பாக இருக்காது என்று ஓர் அச்சக முதலாளி சொன்னார். ஆனால் கோவிலுக்குள் பட்டாசு சம்பந்தப்பட்ட எதுவும் நுழையக் கூடாது என்பதில் மாணிக்கராஜ் சார் கண்டிப்பாக இருந்தார். ஆகவே, மதுரையில் கேக் விற்கிற கடையிலிருந்து, பிறந்தநாளுக்குக் கொளுத்துகிற, மத்தாப்புப் போலப் பொறி சிந்தும் மினுமினு மெழுகுவர்த்தி வரவழைத்தார்கள். உலகத்துக்கே மத்தாப்பு அனுப்புகிற ஊருக்கு வெளியூரிலிருந்து மத்தாப்பு வந்தது அதுவே முதல் தடவை. ஒத்திகையில் கொளுத்தினால் வீணாகிவிடும் என்று, கொளுத்தாமலே கையில் கொடுத்து நடக்கவிட்டார்கள். ஒத்திகை வெகு சிறப்பாக அமைந்தது.

ஆயர் தொப்பியும் செங்கோலுமாக வந்து அமர்ந்தார். ஜெனிட்டா முக்காலியில் சிறகோடு, விரலோடு. தேவமணி பக்கக் கதவோரம், தாழை விலக்கிவிட்டு. ஃபாதர் அகஸ்டின் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். கோவில் பதில் சொன்னது. பழக்கதோசத்தில் ஃபாதர் ஒரு கணம் நின்றார். ஒன்றும் வரவில்லை. எதையோ தொலைத்தவர் போல ஜெனிட்டாவை ஒருதரம் பார்த்துவிட்டு அடுத்த ஜெபத்துக்குப் போனார். மாணிக்கராஜ் சார் சிஸ்டரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

பவனி வந்தது. நடுப்பாதையில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். அச்சக முதலாளி லைட்டரோடு வந்து ஒவ்வொன்றாகக் கொளுத்தினார்.

சர்ர்ர்ர்.

முன்னால் நின்ற பையன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மெழுகுவர்த்தியைப் பதமாகத் தரையில் வைத்தான். ஓடினான். அடுத்தவள் வைத்தாள், ஓடினாள். வரிசை முழுக்க வைத்துவிட்டு ஓடியது. பிள்ளைகள் ஓடுவதைத் தாய்மார் பார்த்தார்கள். ஏன் என்று கேட்கவில்லை. பெண்கள் பக்கம் எழுந்தது. ஆண்கள் பக்கம் பெஞ்சைத் தாண்டியது. தாழ் விலகியிருந்த பக்கக் கதவு படாரென்று விரிந்து, கோவில் அதன் வழியே கொட்டியது. யாரும் அலறவில்லை. அலறுகிற மூச்சையும் ஓட்டத்துக்கு வைத்துக்கொள்வதுதான் இந்தப் பக்கத்துப் பழக்கம்.

தேவமணியும் ஓடினாள். பிள்ளையை எடுக்க அவள் நிற்கவில்லை. நின்று எடுக்கப் போனால் ஒரு சாவு இரண்டு சாவாகும் என்பது விதி. பிள்ளை தானாக ஓடிவரும், அப்படித்தான் வளர்த்திருக்கிறாள்.

கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். அவர்கள் நடுவே, அங்கியைத் தொடைவரை சுருட்டிப் பிடித்தபடி, தொப்பியில்லாமல் ஆயர் நின்றுகொண்டிருந்தார்.

ஆயரை ஆண்டவர் என்றே அழைத்துப் பழகிய ஒரு கிழவர் திகைத்துப்போய்க் கேட்டார். "ஆண்டவரே, நீங்க எப்பிடி வந்தீக?"

"ஓடித்தான்" என்றார் ஆயர். "எனக்குச் சாத்தூர். எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவ. என்னாச்சு?"

"தெரியல ஆண்டவரே. ஓடுனாக, ஓடுனோம்."

"நானும் அதான்." ஆயர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "சரி, முதல்ல பிள்ளைக எல்லாம் இருக்கா, பாருங்க."

அவரவர் பிள்ளையை அவரவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். தேவமணி கையை நீட்டினாள். கையில் ஒன்றும் படவில்லை. மரத்தைச் சுற்றி வந்தாள். சிறகு எங்கும் தெரியவில்லை.

விதியை மீறி அவள் திரும்ப ஓடினாள்.

கோவிலுக்குள், நடுப்பாதையில் மெழுகுவர்த்திகள் பூப்பூவாய்ப் பொரிந்து, வாழ்த்துச் சொல்ல ஆளில்லாத பிறந்தநாள் மாதிரி ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. கடற்கரை ஊரில் பிறந்த ஃபாதர் அகஸ்டின் ஒன்றும் புரியாமல் பலிபீடத்தில் நின்றிருந்தார். சிறார் வழிபாட்டுப் பங்கேற்பு ஊக்குவிப்புப் பணிக்குழு முழுமையாக வருகை தந்திருந்தது. மாணிக்கராஜ் சார் காலி பெஞ்சுகளைப் பார்த்து மைக்கில், "அமைதி காக்கவும், அமைதி காக்கவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெனிட்டா முக்காலியில் இருந்தாள். விரல் உதட்டில் இருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி அந்த விரலை நனைத்துக்கொண்டிருந்தது. கவுன் ஈரமாகி முக்காலியின் காலில் வழிந்திருந்தது. ஆனால் அவள் அசையவில்லை.

"ஏ பிள்ள, ஏன் ஓடி வரல?"

தேவமணி அவளைத் தூக்கினாள். உட்கார்ந்த வாக்கிலேயே விறைத்துப்போய், மரப்பொம்மை மாதிரி கையோடு வந்தாள். கண் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. தேவமணி அந்தப் பக்கம் பார்த்தாள். சிஸ்டர் ஜாஸ்பின்.

"சிஸ்டர்" என்றாள் தேவமணி. குரலை உயர்த்தவில்லை. "கையத் தட்டுங்க."

"என்னம்மா?"

"கையத் தட்டுங்க சிஸ்டர்."

சிஸ்டர் தட்டினார். ஓர் ஒற்றைத் தட்டு. ஜெனிட்டாவின் உடம்பு தளர்ந்தது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டு அழுதாள். நடுவில் மூச்சு எடுத்தபோது சொன்னாள்: "சிஸ்டர் கை தட்டல."

சிஸ்டர் தன் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு அங்கிக்குள் மறைத்துக்கொண்டார். மாணிக்கராஜ் சாருக்கோ அப்போதுதான் முகம் தெளிந்தது.

"ஃபாதர், கவனிச்சீங்களா? மொத்தக் கோவிலும் ஓடுச்சு. ஆயரே... சரி, அத விடுங்க. முறையாப் பயிற்சி எடுத்த ஒரே பிள்ள மட்டும் கடைசிவரைக்கும் வழிபாட்டுல இருந்திருக்கு. இது பணிக்குழுவோட முழு வெற்றி."

தேவமணி வாசல் வரைக்கும் போனவள் நின்றாள்.

"சார், எங்க கம்பெனியில ஓடுன பிள்ளைக நடந்து வீட்டுக்கு வரும். ஓடாத பிள்ளையத்தான் தூக்கிட்டு வருவாக."

மாணிக்கராஜ் சார் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த வாரக் கூட்டத்தில் பணிக்குழு இரண்டு முடிவுகள் எடுத்தது. தாழைத் திறந்தவர் யார் என்று விசாரிப்பது. மறைமாவட்டத்திலேயே முதல்முறையாக, 'முழு ஈடுபாட்டுச் சிறார்' கேடயத்தை ஜெனிட்டாவுக்கு வழங்குவது. கேடயத்தில் ஜெனிட்டாவின் பெயர் கீழே பொடி எழுத்திலும் பணிக்குழு உறுப்பினர்களின் பெயர்கள் மேலே பெரிய எழுத்திலும் இருந்தன. தாழைத் திறந்தவர் யார் என்று தெரிந்திருந்தால் கேடயத்தைக் கொடுக்க முடியாமல் போயிருக்கும். நல்லவேளையாக அவர்களுக்குத் தெரியவரவில்லை.

அழைப்புச் சொல்ல மாணிக்கராஜ் சாரே தேவமணி வீட்டுக்கு வந்தார். தேவமணி நாற்காலி போட்டுக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். ஜெனிட்டா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். கோவிலில் நடந்ததிலிருந்து அவள் பேசுவது பாதியாகக் குறைந்திருந்தது.

"அவ கோவிலுக்கு வரமாட்டேங்கிறா சார்."

"வரணும்மா. முன்மாதிரிப் பிள்ள."

தேவமணி குனிந்து கட்டிலுக்கு அடியில் மகளைப் பார்த்தாள். "கேடயம் குடுக்கறப்ப கை தட்டுவாகளா சார்?"

"பின்ன? மொத்தக் கோவிலும் தட்டும்."

"அப்ப வாரோம்."

அந்த வாரம் முழுக்க, வேலை விட்டு வந்ததும் தேவமணி மகளோடு முற்றத்தில் ஒரு விளையாட்டு விளையாடினாள். தேவமணி கை தட்டுவாள். ஜெனிட்டா தெருமுனை வேப்பமரம் வரைக்கும் ஓடித் தொட வேண்டும். முதல் நாள் நடந்து போனாள். அடுத்த நாள் ஓடினாள். பிறகு ஜாபஸும் தட்டினார், மாரித்தாயும் தட்டினாள். யார் தட்டினாலும் ஓடினாள்; ஓடிப்போய் மரத்தைத் தொட்டுச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையின் முடிவில், இறுதி ஆசீர்வாதத்துக்கு முன்னால் பரிசளிப்பு. தேவமணி தன் இடத்தில், கதவோரத்தில். கேடயத்தை ஏந்திக்கொண்டு மாணிக்கராஜ் சார் பேசினார்.

"இந்தச் சிறுமியிடம் நாம் கற்க வேண்டியது என்ன? ஊரே ஓடினாலும், உயிரே போனாலும், சொன்ன இடத்தில் சொன்னபடி இருப்பது. இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் நாங்கள் உருவாக்க விரும்புகிறோம். பெற்றோர்கள் ஒத்துழைத்தால் எல்லாப் பிள்ளைகளையும் இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். பலத்த கரகோசம் எழுப்புங்கள்."

கோவில் பலமாகக் கை தட்டியது.

ஜெனிட்டா ஓடினாள். கேடயத்தை வாங்க நீண்டிருந்த கையை இழுத்துக்கொண்டு, பலிபீடப் படியிலிருந்து ஒரே தாவாகத் தாவி, பக்கக் கதவு வழியாக வெளியே பாய்ந்தாள். அவள் ஓடுவதைக் கண்ட மற்றப் பிள்ளைகள் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளைகள் ஓடுவதைக் கண்ட தாய்மாரும் கேட்கவில்லை. ஆண்கள் பக்கம் பெஞ்சைத் தாண்டியது. ஃபாதர் அகஸ்டின் காலியாகிக்கொண்டிருந்த கோவிலைப் பார்த்தார். கேடயத்தைப் பார்த்தார். பிறகு அங்கியை முழங்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவரும் ஓடினார். சிஸ்டர் ஜாஸ்பின் இருந்த இடத்தை யாரும் கவனிக்கவில்லை. பிறகு பார்த்தபோது அவரும் வேப்பமரத்தடியில்தான் நின்றார்.

மூச்சிரைப்பு அடங்கியது. எல்லோரும் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். தேவமணியின் கையில் ஜெனிட்டாவின் தலை பட்டது.

ஆசீர் இன்னும் கொடுக்கவில்லை என்பது ஃபாதருக்கு நினைவு வந்தது. வேரின்மேல் ஏறி நின்று கைகளை விரித்தார்.

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக."

"உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்றது கூட்டம்.

ஃபாதர் காத்திருந்தார். தேவமணி குனிந்து பார்க்கவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்றது, ஓர் எட்டு பிந்தி, ஒற்றைக் குரல்.

உள்ளேயிருந்து ஸ்பீக்கரில் மாணிக்கராஜ் சார், "அமைதி காக்கவும்" என்றார். உள்ளே அமைதியாகத்தான் இருந்தது.